கேம்பர் வேனில் முன் சீட்டைத் திருப்புவது: இரண்டு பக்கமும் வேண்டுமா, பயணி பக்கம் மட்டும் போதுமா?

மழைப்பயணி | லெஸ்டர், இங்கிலாந்து | ஃபோக்ஸ்வேகன் டி5, 2012

எல்லோருக்கும் வணக்கம். எங்களுடையது குட்டை வீல்பேஸ் (முன், பின் சக்கரங்களுக்கு நடுவே தூரம் குறைந்த) டி5, வலப்பக்க ஸ்டியரிங். சரக்கு வேனாக வாங்கி, இரண்டு வருடமாக வார இறுதிகளில் நானே கேம்பராக, அதாவது உள்ளேயே சமைத்துத் தூங்கும் வண்டியாக, மாற்றி வருகிறேன். சுவருக்குக் குளிர்காப்பு, தரைக்குப் பிளைவுட், ஓட்டுநர் சீட்டுக்குப் பின்னால் வலப்பக்கச் சுவரை ஒட்டிச் சமையல் அலமாரி, கடைசியில் மரச்சட்டத்தில் ஒரு கட்டில். முன்னால் கம்பெனி கொடுத்தபடியேதான் இருக்கிறது: ஓட்டுநருக்கு ஒரு சீட், பக்கத்தில் இருவர் உட்காரும் நீளச் சீட். நான், மனைவி, ஆறு வயது மகள் மூவரும் முன்னால்தான் போகிறோம்.

போன மாதம் வேல்ஸ் பக்கம் போனோம். மூன்று நாளும் விடாத மழை. வெளியே நாற்காலி போட வழியில்லை. மூவரும் கட்டிலின் விளிம்பில் வரிசையாக உட்கார்ந்து, தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். இரண்டாம் நாள் ரசம் மெத்தையில் கொட்டியது. அந்த நேரத்தில் முன் சீட்டுகள் மட்டும் காலியாகக் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டு நிற்கின்றன. அவற்றைப் பின்பக்கம் திருப்பிவிட்டால் நடுவில் ஒரு சின்ன மேசை போட்டு மனிதர்களைப்போல உட்காரலாமே என்று தோன்றியது.

இணையத்தில் 110 பவுண்டுக்கு, சீட்டுக்கடியில் வைத்து அதைத் திருப்பும் ஒரு சுழல் தட்டு பார்த்தேன். "எல்லா வேனுக்கும் பொருந்தும்" என்று போட்டிருக்கிறது. இரண்டு பக்கமும் மாற்றலாமா? நீளச் சீட்டை என்ன செய்வது? நானே பொருத்த முடியுமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

---

பொன்னி | கிழக்கு லண்டன் | டி5, 2010

நாங்கள் நான்கு வருடமாகப் பயணி சீட்டை மட்டும் திருப்பி வைத்துக்கொள்கிறோம். ஓட்டுநர் சீட்டைத் தொடவில்லை. காரணம் உங்கள் பதிவிலேயே இருக்கிறது: அதன் பின்னால் சமையல் அலமாரி. திருப்பி உட்கார்ந்தால் முழங்கால் நேராக அலமாரிக் கதவில் முட்டும். இங்கே டி5 கேம்பர்களில் பெரும்பாலும் அதே அமைப்புத்தான். பயணி சீட் இடப்பக்கம், ஸ்லைடிங் கதவும் இடப்பக்கம். திருப்பினால் கால் நீட்ட இடம் கிடைக்கும், கதவைத் திறந்துவிட்டால் வெளிக்காற்றும் வரும். வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தது போலவே இருக்கும்.

ஆனால் தட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்று கேட்கிறேன். நீளச் சீட்டை எடுத்துவிட்டு ஒற்றைச் சீட் வைத்தால் மகள் எங்கே உட்காருவாள்? இந்த நாட்டில் 12 வயது ஆகும்வரை, அல்லது 135 செ.மீ. உயரம் வரும்வரை, பிள்ளைகளுக்குக் குழந்தை இருக்கை கட்டாயம். உங்கள் மரக்கட்டிலில் அதை வைக்க முடியாது. பக்கவாட்டில் பார்க்கும் இருக்கையிலும் வைக்கக் கூடாது. முன்னோக்கிய, பெல்ட் உள்ள இடம் ஒன்று பின்னால் வேண்டும். அதைத் தீர்மானிக்காமல் முன்சீட்டில் கை வைக்காதீர்கள்.

---

மழைப்பயணி

அக்கா, உண்மையிலேயே இதை யோசிக்கவில்லை. முன்னால் மூன்று பெல்ட் இருப்பதை அப்படியே எடுத்துக்கொண்டுவிட்டேன். நன்றி.

---

நெடுவழி | பர்மிங்காம் | டி6, 2017

பொன்னி சொல்வதில் பாதியை ஏற்றுக்கொள்கிறேன். நீளச் சீட்டை எடுக்காமலே திருப்பலாம். டி5, டி6 இரண்டுக்கும் இருவர் சீட்டை அப்படியே சுழற்றும் தட்டு கிடைக்கிறது. கிராவேன்ஸ் போன்ற இங்கிலாந்து நிறுவனங்கள் அதற்கென்றே செய்கின்றன. நான் அப்படித்தான் போட்டிருக்கிறேன். ஓடும்போது மூன்று பெல்ட் முன்னால் இருக்கும், நிறுத்தியதும் இருவர் பின்பக்கம் பார்த்து உட்காரலாம். பின்னால் பெல்ட் சீட் வாங்க நிறைய செலவாகும். அதை மிச்சப்படுத்தலாம்.

---

பொன்னி

உங்கள் வண்டி குட்டை வீல்பேஸா, நீளமா?

---

நெடுவழி

நீளம்.

---

பொன்னி

அப்படியென்றால் அதைச் சேர்த்துச் சொல்லுங்கள் தம்பி. நீள வண்டியில் 40 செ.மீ. கூடுதல். குட்டை வண்டியில் இருவர் சீட்டைத் திருப்பினால் ஸ்லைடிங் கதவின் வாசலில் பாதியை அது அடைத்துக்கொள்ளும். என் தோழியின் வேனில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். ஒருவர் அடுப்புப் பக்கம் போக வேண்டுமென்றால் மற்ற இருவரும் காலைத் தூக்க வேண்டும். இன்னொன்று, சீட் நீளமாக இருப்பதால் திரும்பும்போது பெரிய வட்டம் எடுக்கும். ஒவ்வொரு முறையும் முன்கதவைத் திறக்க வேண்டும். மழையில் அதைச் செய்தால் சீட் நனையும். இவர் கேட்பதே மழைக்காகத்தான்.

---

நெடுவழி

கதவு திறக்க வேண்டும் என்பது உண்மை, மறுக்கவில்லை. ஆனால் அரை நிமிட வேலை. பெல்ட் இடம் போகாமல் இருப்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது. எங்களுக்கும் ஒரு பையன் இருக்கிறான்.

---

டோர்ட்முண்ட்_வேலன் | ஜெர்மனி | ஃபியட் டுகாட்டோ, 2015

வணக்கம். நான் இயந்திரப் பொறியாளர், வாகன உதிரி பாகங்கள் செய்யும் துறையில் வேலை. 110 பவுண்டுத் தட்டைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கோ.

சுழல் தட்டு என்பது ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு உருக்குத் தகடுகள். நடுவில் சுழலும் அச்சு, ஓரத்தில் ஒரு பூட்டு. கீழ்த்தகடு சீட்டின் அடிப்பெட்டியில் போல்ட் ஆகும். மேல்தகட்டில் சீட்டின் ரெயில் போல்ட் ஆகும். பார்க்க மிக எளிய பொருள். அதனால்தான் பலரும் அதை ஒரு வசதிச் சாமான் என்று நினைக்கிறார்கள்.

இப்போது உங்கள் சீட்டின் பக்கத்தில் கை விட்டுப் பாருங்கோ. பெல்ட்டைச் செருகும் பக்கிள் எங்கே பொருத்தியிருக்கிறது? தரையிலா, சீட்டின் சட்டத்திலா? இந்த வகை வேன்களின் ஒற்றைச் சீட்டில் அது சீட்டோடு இருக்கும். மோதலில் உங்கள் உடல் முன்னால் பாயும்போது பெல்ட் பக்கிளை இழுக்கும், பக்கிள் சீட்டை இழுக்கும், சீட் ரெயிலை, ரெயில் தட்டை, தட்டு அடிப்பெட்டியை, பெட்டி தரையை. இந்தச் சங்கிலியில் நீங்கள் புதிதாகச் சேர்க்கும் கண்ணிதான் சுழல் தட்டு. அது விட்டுக்கொடுத்தால் பெல்ட் போட்டிருந்தும் போடாதது மாதிரி.

எவ்வளவு விசை? பெல்ட் நங்கூரங்களுக்கான (பெல்ட்டைப் பிணைத்திருக்கும் இடங்களுக்கான) ஐக்கிய நாடுகள் ஐரோப்பியப் பொருளாதார ஆணையத்தின் 14ஆம் எண் விதியில் கார், கேம்பர் வகை வண்டிகளுக்குத் தோள் பட்டையில் 13,500 நியூட்டன், இடுப்புப் பட்டையில் இன்னொரு 13,500 நியூட்டன், இரண்டையும் ஒரே நேரத்தில் இழுத்துச் சோதிப்பார்கள். சேர்த்தால் ஏறத்தாழ 2.75 டன் எடைக்குச் சமம். பெல்ட் சீட்டோடு இணைந்திருந்தால் அதற்கு மேலே சீட்டின் சொந்த எடையைப்போல 20 மடங்கு. 25 கிலோ சீட் என்றால் இன்னும் அரை டன். சீட்டின் உறுதிக்குத் தனியாக 17ஆம் எண் விதி இருக்கிறது.

அதனால் தட்டு வாங்கும்போது விற்பவரிடம் ஒரே கேள்வி: எந்த வண்டியில், எந்த அடிப்பெட்டியோடு, எந்த விதிப்படி இழுத்துச் சோதித்தீர்கள், தாளைக் காட்டுங்கள். "எல்லா வேனுக்கும் பொருந்தும்" என்று எழுதியிருப்பதே எனக்கு எச்சரிக்கை. எல்லா வேனுக்கும் ஓட்டை ஒரே இடத்தில் இல்லை. ஒன்றுக்குப் பொருத்த இன்னொன்றில் துளை போட்டு நீட்டுவார்கள்.

நான் போட்டபோது தட்டோடு வந்த சான்றிதழை எடுத்துக்கொண்டு டியூவ் என்ற இங்குள்ள வாகனப் பரிசோதனைக்குப் போனேன். பரிசோதகர் டார்ச் அடித்து ஒவ்வொரு போல்ட்டின் தலையிலும் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார். ஒன்றில் 8.8 என்ற உறுதித் தரம் இல்லாமல் வேறு இருந்திருந்தால் திருப்பி அனுப்பியிருப்பார். பெரும் தொல்லை என்று அப்போது நினைத்தேன். பிள்ளைகள் அந்தச் சீட்டில் தூங்கிக்கொண்டு வரும்போது இப்போது நிம்மதியாக இருக்கிறது.

---

மழைப்பயணி

அண்ணை, இதை மனைவிக்கும் வாசித்துக் காட்டினேன். 110 பவுண்டுத் தட்டு வேண்டாம் என்று அந்த இடத்திலேயே முடிவாகிவிட்டது. என் சீட்டில் பார்த்தேன், பக்கிள் சீட்டில்தான் இருக்கிறது. இத்தனை வருடம் தினமும் கை போன இடம், ஒருநாளும் கவனித்ததில்லை.

---

வடதிசை | நோர்வே | டி5, 2011

ஓட்டுநர் சீட்டைத் திருப்ப நினைப்பவர்கள் இதையும் வாசியுங்கோ. டி5இல் ஹேண்ட்பிரேக் நெம்புகோல் இரண்டு சீட்டுக்கும் நடுவில், ஓட்டுநர் சீட்டை ஒட்டி இருக்கிறது. மேலே தூக்கிய நிலையில் சீட் திரும்பாது, இடிக்கும். அதனால் திருப்பும்போது பிரேக்கை இறக்குவார்கள், திருப்பிய பிறகு மறுபடி போடுவார்கள். நானும் அப்படித்தான்.

லோஃபோட்டன் தீவுகளில் கடலைப் பார்த்து நிறுத்தியிருந்தோம். சமதளம் என்றுதான் என் கண்ணுக்குத் தெரிந்தது. கியரில் போட்டேன் என்று நினைத்துக்கொண்டு பிரேக்கை இறக்கிச் சீட்டைத் திருப்பத் தொடங்கினேன். சீட் பாதியில் நிற்கிறது, நான் அதன் பின்னால் குனிந்திருக்கிறேன், வண்டி நகர்கிறது. மெதுவாகத்தான். ஆனால் எனக்கும் பிரேக் மிதிக்கும் நடுவில் அந்தச் சீட். கையை இடுக்கில் விட்டு நெம்புகோலைப் பிடித்து இழுத்தேன். முன்னால் ஒரு முழத்தில் பாறை விளிம்பு. மகன் வெளியே நின்று கல் பொறுக்கிக்கொண்டிருந்தான்.

அன்றிலிருந்து சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைக்காமல் சீட்டைத் தொடுவதில்லை. முதலில் கட்டை, பிறகு முதல் கியர், அதற்குப் பிறகே பிரேக்கை இறக்குவது. பிறகு ஹேண்ட்பிரேக்கைத் தாழ்வாக மாற்றி வைக்கும் பட்டையும் போட்டேன், இப்போது தூக்கிய நிலையிலேயே சீட் அதைத் தாண்டிப் போகும். இருந்தாலும் கட்டை வைக்கும் பழக்கத்தை விடவில்லை.

---

பொன்னி

படித்ததும் வயிறு கலங்கிவிட்டது. பகிர்ந்ததற்கு நன்றி. இந்த இழையில் வேறு எதையும் படிக்காவிட்டாலும் இதைப் படிக்க வேண்டும்.

---

டோர்ட்முண்ட்_வேலன்

டுகாட்டோவில் ஹேண்ட்பிரேக் கதவுப் பக்கம் இருப்பதால் இந்தச் சிக்கல் வேறு வடிவில் வரும். கதவைத் திறந்து, ஸ்டியரிங்கை மேலே தள்ளி, முதுகைச் செங்குத்தாக்கி, கைப்பிடியை மடக்கி, சீட்டை ரெயிலில் பாதிக்குக் கொண்டுவந்து, பிறகு திருப்ப வேண்டும். வரிசை மாறினால் எங்காவது மாட்டும். என் மனைவிக்கு அந்த வரிசை இப்போது கைப்பழக்கமாகிவிட்டது, நான் இன்னும் கைப்பிடியை மறக்கிறேன்.

---

கோவைக்காற்று | கோயம்புத்தூர்

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். ஃபோர்ஸ் டிராவலர் வேன் ஒன்றைக் குடும்பத்துக்காகக் கேம்பராக மாற்றலாம் என்று இருக்கிறோம். இங்கே பஸ் பாடி கட்டுபவர்களிடம் சுழல் சீட் கேட்டால் "வெல்டு வைத்துக் கொடுத்துவிடலாம் சார்" என்கிறார்கள். செய்யலாமா?

---

டோர்ட்முண்ட்_வேலன்

வெல்டு வேண்டாம். வெல்டு சரியாக உருகிப் பிடித்திருக்கிறதா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது. இழுத்துச் சோதிக்காத வெல்டில் ஓர் ஆளை உட்கார வைக்கக் கூடாது. சட்டப்படியும் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52வது பிரிவு இருக்கிறது: பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறிப்பிட்டதற்கு மாறாகப் போகும்படி வண்டியை மாற்றக் கூடாது. வெட்டுவதற்கு முன் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் கேட்டு எழுத்தில் வாங்குங்கோ.

ஓடும்போது யாரும் உட்காராத, நிறுத்திய பிறகு மட்டும் பயன்படும் ஓர் இருக்கை போதும் என்றால் அது வேறு கதை. மடக்கு நாற்காலியே போதும்.

---

கோவைக்காற்று

புரிந்தது சார். பட்டறைக்குக் கொடுத்த முன்பணத்தை நிறுத்தி வைக்கச் சொல்லிவிட்டேன்.

---

மழைப்பயணி

இரண்டு வாரம் கழித்து வருகிறேன். வாங்குவதற்கு முன் இடம் பார்த்துவிடலாம் என்று ஒரு வேலை செய்தேன், மற்றவர்களுக்கும் உதவலாம்.

நீளச் சீட்டை நான்கு போல்ட் கழற்றி இறக்கினேன். நண்பரின் வேனில் இருந்த ஒற்றைச் சீட்டை மேலிருந்து அளந்து, குளிர்சாதனப் பெட்டி வந்த அட்டையில் அதே அளவில் வரைந்து வெட்டினேன். முதுகு, கைப்பிடி, கீழே துருத்தும் சரிவு நெம்புகோல் எல்லாம் சேர்த்து. அதை அடிப்பெட்டி வரும் இடத்தில் சீட் உயரத்துக்கு ஒரு வாளியின்மேல் வைத்து, நடுவில் ஆணி குத்திச் சுழற்றினேன். சரியாகக் கால் சுற்றில் முதுகின் மூலை கதவுத் தூணில் இடித்தது. ஆணியை 4 செ.மீ. உள்பக்கம் நகர்த்திக் குத்தினேன். இப்போது திரும்பும்போதே அட்டை வண்டியின் நடுப்பக்கம் விலகிப் போகிறது. கதவு மூடியிருக்கும்போதே முழுதாகத் திரும்பியது. மகளுக்கு அது பெரிய விளையாட்டாகிவிட்டது, பத்து முறையாவது சுழற்றியிருப்பாள்.

ஆக எனக்கு வேண்டியது அச்சு நடுவில் இல்லாத தட்டு, சரியா?

---

பொன்னி

சரி. எங்களுடையதும் அப்படித்தான், மழையிலும் கதவைத் திறக்காமல் திருப்புகிறோம். ஒரு விஷயம் கூட: தட்டு போட்டதும் சீட் கிட்டத்தட்ட 5 செ.மீ. உயரும். எனக்குக் கால் தரையில் படவில்லை, ஒரு மணி நேரத்தில் தொடைக்கடியில் மரத்துப்போனது. தாழ்வான அடிப்பெட்டி தனியாகக் கிடைக்கிறது, தட்டோடு சேர்த்துச் சோதித்ததாகப் பார்த்து வாங்குங்கள். நாங்கள் அப்போது வாங்கவில்லை, அதனால் காலுக்கு ஒரு மரப்பெட்டி செய்து வைத்தோம். செருப்பெல்லாம் அதற்குள் போகும்.

---

தாரகை_77 | டொரொண்டோ

பொருத்தும் நாளில் கவனிக்க வேண்டியதை நான் சொல்கிறேன், சொந்த அனுபவம். எங்கள் வேனை ஒரு பட்டறையில் விட்டோம். சீட்டைக் கழற்றி வைத்த நிலையில் யாரோ வண்டியை நகர்த்துவதற்காகச் சாவியைத் திருப்பியிருக்கிறார்கள். சீட்டுக்கடியில் மஞ்சள் நிற இணைப்பான் ஒன்று இருக்கும், அது பக்கவாட்டு ஏர்பேக்குக்குப் போவது. அது கழன்றிருக்கும்போது மின்சாரம் வந்ததால் கணினியில் பிழை பதிந்துவிட்டது. சீட்டை மாட்டிய பிறகும் ஏர்பேக் விளக்கு அணையவில்லை. கருவி வைத்து அழிக்க வேண்டியிருந்தது.

அதனால் முதலில் பேட்டரியின் எதிர்முனையைக் கழற்றிவிட்டுக் கால் மணி நேரமாவது விடுங்கள். பிறகுதான் மஞ்சள் இணைப்பான். அதை மறுபடி மாட்டி முடிக்கும்வரை சாவியை வண்டியிலேயே வைக்காதீர்கள்.

கம்பிகளுக்குத் தளர்வும் விட வேண்டும். பழைய சீட் முன்னும் பின்னும் மட்டுமே நகர்ந்தது, புதியது அரை வட்டம் போகும். கம்பியைத் தட்டின் நடுத்துளை வழியாக எடுத்து, நெளிகுழாய்க்குள் விட்டு, சீட்டைக் கையால் மெதுவாகத் திருப்பி எங்காவது இழுக்கிறதா, தகட்டின் விளிம்பில் உரசுகிறதா என்று தரையில் படுத்துப் பார்க்க வேண்டும். திருப்பிய வழியே திரும்பி வர வேண்டும். ஒரே பக்கமாகச் சுற்றிக்கொண்டே போனால் கம்பி முறுக்கிக்கொள்ளும்.

---

நெடுவழி

மழைப்பயணி, பெல்ட் விஷயம் என்ன முடிவு? என் யோசனையை நீங்கள் எடுத்துக்கொள்ளாவிட்டாலும் பரவாயில்லை. பையனை எங்கே வைப்பது என்று நாங்கள் பட்ட பாடு நினைவிருப்பதால் கேட்கிறேன்.

---

மழைப்பயணி

மூன்று மாதம் ஆகிவிட்டது, இதோ விவரம்.

உங்கள் இருவர் சீட் தட்டை நாங்கள் உண்மையாகவே யோசித்தோம். அட்டை வெட்டிப் பார்த்ததில் குட்டை வண்டியில் வாசல் போய்விடுகிறது, பொன்னி அக்கா சொன்னபடியே. அதனால் செலவு கூடினாலும் பரவாயில்லை என்று மரக்கட்டிலைப் பிரித்தோம். நான் இழைத்துச் செய்த கட்டில், பிரிக்கும்போது மனம் கஷ்டப்பட்டது. அந்த இடத்தில் இழுவைச் சோதனை முடித்த, மடக்கினால் படுக்கையாகும் பெல்ட் சீட் வந்துவிட்டது. தரையைத் துளைத்துப் பொருத்தும் வேலையை நான் செய்யவில்லை. அதற்கென்றே இருப்பவர்கள் அடியில் உருக்குத் தகடு வைத்துச் செய்தார்கள். மகளின் குழந்தை இருக்கை இப்போது அங்கே.

முன்னால் ஒற்றைப் பயணி சீட், தாழ்வான அடிப்பெட்டி, அச்சு விலகிய தட்டு. மூன்றும் ஒரே இடத்தில், டி5க்கென்று சோதித்த தாளோடு வாங்கியவை. இதை நானே பொருத்தினேன். பேட்டரி கழற்றி, டீ குடித்து, கால் மணி நேரம் கழித்து ஆரம்பித்தேன். தாளில் குறித்த முறுக்கு அளவுக்கு டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கி, ஒவ்வொரு போல்ட்டிலும் வெள்ளைப் பெயிண்டால் ஒரு கோடு போட்டேன். தளர்ந்தால் கோடு விலகியிருப்பது கண்ணுக்குத் தெரியும். ஏர்பேக் விளக்கு எரிந்து அணைந்தது. காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுதித் தெரிவித்தாகிவிட்டது. ஓட்டுநர் சீட்டைத் தொடவே இல்லை, வடதிசை அண்ணையின் பதிவுக்குப் பிறகு அந்த ஆசையே போய்விட்டது.

போன வாரம் அதே வேல்ஸ் கரை, அதே மழை. மனைவி முன்சீட்டைத் திருப்பி உட்கார்ந்தாள், நானும் மகளும் பின்சீட்டில், நடுவில் மேசை. ரசம் கிண்ணத்தில் இருந்தது. கண்ணாடிப் பக்கமிருந்து குளிர் இறங்குவதால் மனைவியின் முதுகுக்குப் பின்னால் ஒரு தடித்த திரை வேண்டும், அது அடுத்த வேலை.

ஒரு சந்தேகம் மட்டும். ஓடும்போது, முக்கியமாகக் கரடுமுரடான சாலையில், தட்டிலிருந்து "கிறீச்" என்று சத்தம் வருகிறது. பூட்டு சரியாக விழுகிறது, கோடுகள் எதுவும் விலகவில்லை.

---

டோர்ட்முண்ட்_வேலன்

சீட்டை இரண்டு கையாலும் பிடித்து முன்னும் பின்னும் அசையுங்கோ. தட்டுக்கு மேல் சீட் ஆடினால் பூட்டின் பல் முழுதாக இறங்கவில்லை, அப்படியே ஓட்டாமல் வாங்கிய இடத்தில் காட்ட வேண்டும். ஆடவில்லை என்றால் இரண்டு தகட்டுக்கும் நடுவிலுள்ள நைலான் பட்டை காய்ந்திருக்கும். பொருத்திய தாளில் எந்த மசகு போடலாம் என்று இருக்கும், சில தட்டில் போடவே கூடாது. அதைப் பார்த்துச் செய்யுங்கோ.

---

மழைப்பயணி

அசைத்துப் பார்த்தேன், துளியும் ஆடவில்லை. தாளில் வெள்ளை லித்தியம் கிரீஸ் என்று இருந்தது. பாதி திருப்பி, பட்டை தெரியும் இடத்தில் விரலால் தடவி, நான்கு முறை சுழற்றினேன். இன்று மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு வரும் வழியில், பள்ளத்தில் வேண்டுமென்றே இறக்கிப் பார்த்தேன். சத்தம் இல்லை.